மணலி ஆலையும் பாரசீக எண்ணெயும்

நாடுகளுக்கிடையே நிகழும் வணிகத்தைப் பற்றிப் பேசுங்கால் நாம் இருவரை மட்டுமே எண்ணிப் பார்க்கிறோம். ஒருவர் விற்பவர், மற்றவர் வாங்குபவர். இவ்விருவருக்கும் விலை ஒத்துவிட்டால் வணிகம் தானே நடந்தேறும் என்பது பொதுவான எண்ணம். ஆயின் ஒவ்வொரு பெருவணிகத்திலும் மூன்றாம் ஆள் ஒருவர் உண்டு. சரக்கு கடலில் மூழ்கினால் அவ்விழப்பை ஏற்பவர் அவர். பணம் கைமாறும் வழியைத் தம் காவலில் வைத்திருப்பவரும் அவரே. அவர் 'இயலாது' என்று சொல்லிவிட்டால், விற்பவரும் வாங்குபவரும் மனமொத்து நின்றாலும் வணிகம் நின்றுபோகும்.

ஈரான் நாட்டோடு இந்தியா நெடுங்காலம் நடத்திவந்த கச்சா எண்ணெய் வணிகம் 2019 ஆம் ஆண்டு மே மாதத்தில் நின்றுபோன வரலாறு இவ்வுண்மைக்குத் தக்க சான்றாகும். அவ்வரலாற்றின் ஒரு பகுதி தொலைதூரத் தலைநகரங்களில் நிகழ்ந்ததன்று. கள்ளிக்குப்பத்திலிருந்து கிழக்கு நோக்கி மாதவரத்தைக் கடந்து சென்றால் வரும் மணலியில் நிகழ்ந்தது. நம் மாணவர் பலர் அவ்வாலையின் புகைபோக்கிகளைப் பார்த்திருப்பர். அதன் பிறப்பிலேயே பாரசீகத்தின் பங்கு உண்டு என்பதை அறிந்தவர் சிலரே. அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மணலியில் ஒரு பாரசீகப் பங்கு

1965 ஆம் ஆண்டில் 'மெட்ராஸ் ரிஃபைனரீஸ் லிமிடெட்' என்னும் நிறுவனம் தோற்றுவிக்கப்பட்டது. அதன் பங்குதாரர் மூவர். இந்திய அரசுக்கு 74 விழுக்காடு. அமோக்கோ என்னும் அமெரிக்க எண்ணெய் நிறுவனத்துக்கு 13 விழுக்காடு. ஈரான் தேசிய எண்ணெய்க் கழகத்துக்கு 13 விழுக்காடு. ஆண்டுக்கு 25 லட்சம் டன் எண்ணெயைச் சுத்திகரிக்கும் ஆற்றலோடு, 43 கோடி ரூபாய்ச் செலவில், 27 மாதங்களில் ஆலை எழுப்பப்பட்டு 1969 இல் இயங்கத் தொடங்கியது. அமெரிக்கரும் ஈரானியரும் இந்தியரும் ஒரே கூரையின்கீழ்ப் பங்காளிகளாக அமர்ந்திருந்த காலம் அது. பின்னாளில் இவர்களுள் ஒருவர் மற்றவரோடு வணிகம் செய்யக்கூடாது என்று மூன்றாமவரை நெருக்குவார் என அன்று எவரும் எண்ணியிருக்க மாட்டார்.

1979 இல் ஈரானில் புரட்சி வெடித்தது, மன்னராட்சி வீழ்ந்தது, அமெரிக்கத் தூதரகத்தினர் பிணையாகப் பிடிக்கப்பட்டனர். அவ்விரு நாடுகளின் பகைமை அன்று தொடங்கியது. 1985 இல் அமோக்கோ தன் பங்கை இந்திய அரசிடம் விட்டு வெளியேறியது. ஈரான் வெளியேறவில்லை. 2000 ஆம் ஆண்டில் நிறுவனம் 'சென்னைப் பெட்ரோலியக் கழகம்' எனப் பெயர் மாற்றம் பெற்றது. 2000-01 இல் அரசின் பங்குகளை இந்தியன் ஆயில் கழகம் வாங்கி 51.89 விழுக்காட்டுக்கு உரிமை பெற்றது. ஈரானின் பங்கோ அந்நாட்டு எண்ணெய்க் கழகத்தின் துணை நிறுவனமான நாஃப்டிரான் இன்டர்டிரேடு என்பதன் பெயரில் 15.40 விழுக்காடாகத் தொடர்ந்தது. 25 லட்சம் டன்னில் தொடங்கிய மணலி ஆலையும் 1 கோடியே 5 லட்சம் டன் ஆற்றலுக்கு வளர்ந்தது.

இந்தியா தனக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் 85 விழுக்காட்டுக்கு மேல் வெளிநாடுகளிலிருந்தே வாங்குகிறது. அரபிக்கடலுக்கு அக்கரையிலுள்ள ஈரான் நமக்குக் கடல்வழி அண்டை நாடு. அங்கிருந்து கப்பல் வரச் சில நாள்களே போதும், கப்பற்கூலி குறைவு, பணம் செலுத்த இரண்டு மாதம் வரை தவணையும் கிடைத்தது. ஆகவே 2009-10 ஆம் நிதியாண்டில் இந்தியா ஏறத்தாழ 2 கோடியே 10 லட்சம் டன் எண்ணெயை அந்நாட்டிடமிருந்து வாங்கியதில் வியப்பில்லை.

அன்று குதிரை, இன்று எண்ணெய்

இவ்வுறவு எண்ணெயோடு தோன்றியதன்று. தமிழகத்துக்கும் பாரசீக வளைகுடாவுக்கும் இடையிலான கடல் வணிகம் எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே செழித்திருந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாண்டிய நாட்டுக் காயல் துறைமுகத்துக்கு வளைகுடாவின் கிஷ் தீவிலிருந்தும் பிற துறைகளிலிருந்தும் குதிரைகள் வந்து இறங்கின. அதனைப் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் விரிவாக எழுதிவைத்துள்ளார். வெனிசு நகரப் பயணி மார்க்கோ போலோவும் காயலின் குதிரை வணிகத்தைக் குறிப்பிடுகிறார். பாண்டியனின் அவையில் தகியுத்தீன் அப்துர் ரஹ்மான் என்னும் முஸ்லிம் பெருமகனார் அமைச்சராக வீற்றிருந்த காலம் அது. இன்றைய அரசுகளுக்கு எண்ணெய் எத்தகையதோ அன்றைய அரசுகளுக்குப் போர்க்குதிரை அத்தகையது. உள்நாட்டில் போதிய அளவு கிடைக்காதது. இல்லாமல் ஆட்சி நடவாதது.

வஸ்ஸாஃப் தரும் குறிப்புகளுள் ஒன்று நம் பொருளுக்கு மிக இன்றியமையாதது. கடற்பயணத்தில் குதிரைகள் இறந்துபோனாலும் அவற்றுக்குரிய விலையைப் பாண்டியனின் கருவூலமே கொடுத்துவிட வேண்டும் என்பது உடன்பாடு. அஃதாவது, கடல்வழியின் இடரைப் பாண்டியன் தானே தாங்கிக்கொண்டான். விற்பவருக்கு அச்சமில்லை, இடையில் நின்று 'கூடாது' என்று சொல்ல மூன்றாம் ஆளுக்கு வேலையுமில்லை. இடரைத் தாங்குபவன் எவனோ அவனே வணிகத்தின் போக்கை முடிவுசெய்கிறான். இக்கருத்தை மனத்தில் இருத்திக்கொண்டு இன்றைய நிலையைப் பார்ப்போம்.

தடை என்பது யாது?

'பொருளாதாரத் தடை' என்னும் சொல்லைச் செய்தித்தாள்கள் ஒரே பொருளில் ஆள்கின்றன. ஆயினும் அதில் மூவகை உண்டு.

முதலாவது, ஐக்கிய நாடுகள் பாதுகாப்பு அவை விதிக்கும் தடை. இது உறுப்பு நாடுகள் அனைத்தையும் கட்டுப்படுத்தும். ஈரானின் அணுத்திட்டம் தொடர்பாக 2006 முதல் 2010 வரை இத்தகைய தீர்மானங்கள் பல நிறைவேறின. அவை அணுப்பொருள், ஏவுகணை, படைக்கலன் ஆகியவற்றையும், அவற்றோடு தொடர்புடைய நிறுவனங்களையும் குறிவைத்தவை. ஈரானின் கச்சா எண்ணெயை வாங்கக் கூடாது என்று அவற்றுள் எதுவும் கூறவில்லை.

இரண்டாவது, ஒரு நாடு தன் குடிமக்களுக்கும் தன் நிறுவனங்களுக்கும் விதித்துக்கொள்ளும் தடை. 'என் வீட்டார் எவரும் அவன் கடைக்குச் செல்லலாகாது' என்பது போன்றது இது. தன் வீட்டுக்கு விதி வகுக்க எவருக்கும் உரிமை உண்டு.

மூன்றாவது வகையே சிக்கலானது. 'நீ அவன் கடையில் சரக்கு வாங்கினால் என் கடைக்குள் நீயும் கால் வைக்க முடியாது' என்று ஊரிலுள்ள பெரிய வணிகர் மற்றவரைப் பார்த்துச் சொல்வது போன்றது அது. இதனை இரண்டாம் நிலைத் தடை என்பர். அமெரிக்காவில் 1996 இல் இயற்றப்பட்ட ஈரான்–லிபியாத் தடைச்சட்டம் இவ்வழியில் அடியெடுத்து வைத்தது. 2011 திசம்பர் இறுதியில் கையெழுத்தான சட்டமோ, ஈரானின் நடுவண் வங்கியோடு எண்ணெய்ப் பணம் தொடர்பாகக் கொடுக்கல் வாங்கல் செய்யும் எந்நாட்டு வங்கியையும் அமெரிக்க வங்கி உலகிலிருந்து விலக்கிவைக்க வழிவகுத்தது. ஐரோப்பிய ஒன்றியமும் 2012 சூலை 1 முதல் ஈரான் எண்ணெய்க்குத் தடை விதித்தது.

'ஐக்கிய நாடுகள் அவையின் தடையை மட்டுமே இந்தியா ஏற்கும். தனியொரு நாடு விதிக்கும் தடையை ஏற்காது' என்பது இந்தியாவின் நிலைப்பாடு. வெளியுறவு அமைச்சராக இருந்த சுஷ்மா சுவராஜ் 2018 மே மாதத்தில் இதனை வெளிப்படையாகவே அறிவித்தார். கொள்கை தெளிவானது. ஆனால் அடுத்த ஆண்டு அதே மே மாதத்தில் எண்ணெய் வணிகம் நின்றுவிட்டது. கொள்கைக்கும் நடப்புக்கும் இடையே இவ்வளவு தொலைவு ஏற்பட்டது எவ்வாறு?

தூதர்களின் சொல்

நெருக்கடியின் முதற்கட்டம் சொல்லால் அமைந்தது. 2005 சூலையில் இந்தியாவும் அமெரிக்காவும் அணுசக்தி உடன்பாட்டுக்கு அடித்தளமிட்டன. அதே ஆண்டு செப்டம்பரில் பன்னாட்டு அணுசக்தி முகமையின் ஆளுநர் குழுவில் ஈரானுக்கு எதிரான தீர்மானம் வாக்கெடுப்புக்கு வந்தது. இந்தியா ஈரானுக்கு எதிராக வாக்களித்தது. 2006 பிப்ரவரியில் மீண்டும் அவ்வாறே வாக்களித்தது. அவ்வாக்கெடுப்புக்குச் சில நாள்களுக்கு முன், இந்தியா எதிர்த்து வாக்களிக்காவிடில் அணுசக்தி உடன்பாடு அமெரிக்க நாடாளுமன்றத்தில் உயிர் பிழைக்காது என்னும் பொருள்பட அமெரிக்கத் தூதர் டேவிட் மல்ஃபோர்ட் பேசியது பெரும் சலசலப்பை எழுப்பியது.

ஈரானிலிருந்து பாகிஸ்தான் வழியாக இந்தியாவுக்கு எரிவாயுக் குழாய் அமைக்கும் திட்டத்தில் பெரும் ஊக்கம் காட்டியவர், நம் மயிலாடுதுறைத் தொகுதியின் உறுப்பினராக இருந்த மணி சங்கர் ஐயர். பெட்ரோலியத் துறை அமைச்சராயிருந்த அவர் 2006 சனவரியில் வேறு துறைக்கு மாற்றப்பட்டார். விலையிலும் பாதுகாப்பிலும் உடன்பாடு காண இயலாமற்போகவே இந்தியா அத்திட்டத்திலிருந்து படிப்படியாக விலகியது. அமெரிக்க எதிர்ப்பும் அவ்விலகலில் ஒரு கூறு என்பது பலரும் ஒப்புக்கொண்ட செய்தியே.

2012 மே மாதத்தில் அமெரிக்க வெளியுறவுச் செயலர் ஹிலாரி கிளின்டன் கொல்கத்தாவுக்கும் தில்லிக்கும் வந்து, ஈரானிடம் வாங்கும் எண்ணெயை மேலும் குறைக்குமாறு வலியுறுத்தினார். அடுத்த மாதமே இந்தியாவுக்குத் தடையிலிருந்து விலக்கு வழங்கப்பட்டது. ஆறு திங்களுக்கு ஒருமுறை 'இன்னும் குறைத்தீர்களா?' என்று கணக்குப் பார்த்துப் புதுப்பிக்கும் விலக்கு அது. 2013-14 இல் ஈரானிலிருந்து வந்த எண்ணெய் ஏறத்தாழ 1 கோடியே 10 லட்சம் டன்னாகக் குறைந்தது. நான்கே ஆண்டுகளில் வணிகம் பாதியானது.

மூன்று வாயில்கள்

சொல்லுக்கு அஞ்சி மட்டுமே இவ்வணிகம் சுருங்கிற்று என்று கருதுவது பிழை. சொல்லுக்குப் பின்னால் மூன்று வாயில்கள் ஒன்றன்பின் ஒன்றாக அடைக்கப்பட்டன.

முதல் வாயில் வங்கி. ஆசிய நாடுகள் தமக்குள் கணக்குத் தீர்த்துக்கொள்ள 1974 இல் ஆசியக் கிளியரிங் யூனியன் என்னும் அமைப்பை ஏற்படுத்தின. அதன் தலைமையிடம் தெஹ்ரான். ஈரான் எண்ணெய்க்கு இவ்வழியாகவே பணம் சென்றது. 2010 திசம்பரில் இந்திய ரிசர்வ் வங்கி, ஈரானுடனான கணக்குகளை இவ்வமைப்புக்கு வெளியே தீர்த்துக்கொள்ளுமாறு பணித்தது. அதன்பின் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரிலுள்ள ஈரானிய வங்கி வழியாகப் பணம் அனுப்பப்பட்டது. 2011 மே மாதத்தில் ஐரோப்பிய ஒன்றியம் அவ்வங்கியைத் தடைப்பட்டியலில் சேர்த்தது. அடுத்துத் துருக்கியின் ஹால்க் வங்கி உதவியது. 2013 இல் அவ்வழியும் அடைபட்டது. எஞ்சியது நம் சொந்த வழி ஒன்றே. 2012 இல் தொடங்கிய அவ்வேற்பாட்டின்படி எண்ணெய் விலையில் 45 விழுக்காடு ரூபாயாகக் கொல்கத்தாவின் யூகோ வங்கியில் செலுத்தப்பட்டது. ஈரான் அந்த ரூபாயைக் கொண்டு நம்மிடம் பாசுமதி அரிசியும் தேயிலையும் மருந்தும் வாங்கிக்கொண்டது. மீதிப் பணமோ செலுத்த வழியின்றிக் கடனாகக் குவிந்தது. 2016 இல் தடை தளர்ந்தபோது இந்திய ஆலைகள் செலுத்த வேண்டியிருந்த பாக்கி 600 கோடி டாலருக்கும் மேல்! பணம் கையில் இருந்தும் கடனைத் தீர்க்க வழியில்லாத விந்தையை வணிக வரலாற்றில் வேறெங்குக் காண்போம்?

இரண்டாம் வாயில் கப்பல். இந்தியக் கப்பல் கழகமும் ஈரானிய அரசுக் கப்பல் நிறுவனமும் கூட்டாக 'இரானோ ஹிந்த்' என்னும் கப்பல் நிறுவனத்தை 1970களில் தொடங்கி நடத்திவந்தன. 2010 இல் ஐக்கிய நாடுகள் பாதுகாப்பு அவையின் 1929 ஆம் எண் தீர்மானம் அதனைத் தடைப்பட்டியலில் சேர்த்தது. பின்னர் அக்கூட்டு நிறுவனத்தைக் கலைத்துவிட இந்திய அரசு முடிவு செய்தது.

மூன்றாம் வாயில் காப்பீடு. இதுவே மிக நுட்பமானது. எண்ணெய்க் கப்பல் உடைந்து கடல் மாசுபட்டால் இழப்பீடு கோடிக்கணக்கான டாலருக்குச் செல்லும். அவ்விடரைத் தாங்கும் சங்கங்கள் பெரும்பாலும் இலண்டனையும் ஐரோப்பாவையும் சார்ந்தவை; உலகக் கப்பல் சுமையில் ஏறத்தாழ 90 விழுக்காட்டுக்குக் காப்பளிப்பவை அவையே. எண்ணெய்க் கசிவுக்கு அவை தரும் காப்பின் உச்சவரம்பு 100 கோடி டாலர். ஐரோப்பியத் தடை வந்தபோது ஈரான் எண்ணெயை ஏற்றும் கப்பல்களுக்கு அக்காப்பு இல்லாமற்போயிற்று. அவ்வேளையில், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட பொதுத்துறை நிறுவனமாகிய யுனைடெட் இந்தியா முன்வந்து 5 கோடி டாலர் அளவுக்குக் காப்பளித்தது. 100 கோடிக்கு எதிரே 5 கோடி! துணிவு இருந்தது, தோள்வலிமை போதவில்லை.

கப்பலோடு இது முடியவில்லை. எண்ணெயைச் சுத்திகரிக்கும் ஆலைக்கும் காப்பீடு வேண்டும். இந்தியக் காப்பீட்டு நிறுவனங்கள் தாம் ஏற்ற பெரும் இடரின் ஒரு பகுதியை ஐரோப்பிய மறுகாப்பீட்டு நிறுவனங்களிடம் ஒப்படைப்பது வழக்கம். 'ஈரான் எண்ணெயைக் காய்ச்சும் ஆலைக்கு நாங்கள் பொறுப்பேற்க மாட்டோம்' என்று அவை சொன்னபோது, 2013 இல் மங்களூர் ஆலை சில மாதங்கள் ஈரான் எண்ணெயை நிறுத்திவைக்க நேர்ந்தது.

பங்காளியின் எண்ணெய்க்கு இடமில்லை

2015 சூலையில் ஈரானுக்கும் வல்லரசுகளுக்கும் இடையே அணு உடன்பாடு ஏற்பட்டது. 2016 சனவரியில் தடைகள் தளர்ந்தன. உடனே வணிகம் பொங்கியெழுந்தது. 2016-17 நிதியாண்டில் இந்தியா ஏறத்தாழ 2 கோடியே 70 லட்சம் டன் எண்ணெயை ஈரானிடம் வாங்கியது. விருப்பமும் தேவையும் இரு பக்கமும் குறையவில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

2018 மே 8 அன்று அமெரிக்கா அவ்வுடன்பாட்டிலிருந்து தன்னிச்சையாக விலகியது. அதன்பின் மணலியில் நிகழ்ந்ததுதான் நம் கருத்துக்குரியது. ஆலையின் ஆண்டுக் காப்பீடு அக்டோபரில் புதுப்பிக்கப்பட வேண்டியிருந்தது. ஈரான் எண்ணெயைச் சுத்திகரிப்பதால் நேரும் பொறுப்பு எதனையும் புதிய காப்பீடு ஏற்காது என்று காப்பீட்டு நிறுவனம் தெரிவித்ததாகவும், ஆகவே அக்டோபர் முதல் ஈரான் எண்ணெயைச் சுத்திகரிப்பதை நிறுத்த மணலி ஆலை முடிவு செய்ததாகவும் 2018 சூலையில் செய்திகள் வெளியாயின. காப்பீட்டு நிறுவனம் வேறெதுவுமன்று. 2012 இல் துணிந்து முன்வந்த அதே யுனைடெட் இந்தியாதான்.

இந்நிகழ்ச்சியைச் சற்றே எண்ணிப் பாருங்கள். ஆலை தமிழ் மண்ணில் உள்ளது. அதன் பெரும்பங்கு இந்தியப் பொதுத்துறைக்குரியது. மற்றொரு பங்கு ஈரானுக்குரியது. அதன் இயக்குநர் குழுவில் ஈரானியப் பிரதிநிதிகளுக்கு இடமுண்டு. காப்பீட்டு நிறுவனமும் சென்னையைச் சேர்ந்த அரசு நிறுவனம். இவ்வளவு இருந்தும் ஈரானின் எண்ணெய் ஈரான் பங்கு கொண்ட ஆலைக்குள் நுழைய இயலவில்லை. வாயிலில் அமெரிக்கக் காவலர் எவரும் நிற்கவில்லை. எந்தத் தூதரும் மணலிக்கு வரவில்லை. மறுகாப்பீட்டு ஒப்பந்தத்தின் ஒரு விதியே போதுமானதாக இருந்தது.

2018 நவம்பரில் இந்தியா உள்ளிட்ட 8 நாடுகளுக்கு ஆறு திங்கள் விலக்கு அளிக்கப்பட்டது. 2019 ஏப்ரல் 22 அன்று அவ்விலக்கு நீட்டிக்கப்படாது என்று அமெரிக்கா அறிவித்தது. மே 2 ஆம் நாளோடு விலக்கு முடிந்தது. இந்தியாவின் கொள்முதலும் முடிந்தது. அவ்விடத்தை இராக்கும் சவூதி அரேபியாவும் அமீரகமும் நிரப்பின. 2017 முதல் இந்தியாவுக்கு எண்ணெய் விற்கத் தொடங்கியிருந்த அமெரிக்காவும் தன் விற்பனையைப் பெருக்கிக்கொண்டது. ஒரு கடையை மூடச் சொன்னவரே அடுத்த கடைக்கு உரிமையாளராகவும் இருந்தார் என்பது குறிக்கத்தக்கது.

இந்தியா பணிந்துவிட்டது என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவதும் நேர்மையாகாது. நம் ஏற்றுமதிக்கும் கணினித் தொழிலுக்கும் அமெரிக்கா பெருஞ்சந்தை. நம் ஆலைகள் வாங்கும் கடன் டாலரில் உள்ளது. வளைகுடா அரபு நாடுகளில் ஏறத்தாழ 90 லட்சம் இந்தியர் பணிபுரிகின்றனர். அந்நாடுகளுள் சில ஈரானோடு முரண்பட்டவை. அரசு இவற்றையெல்லாம் ஒரு தட்டிலும் ஈரான் எண்ணெயை மற்றொரு தட்டிலும் வைத்து எடைபோட்டது. எடைபோட்டது குற்றமன்று. நம் தட்டில் வைக்க நம்முடைய படிக்கற்கள் மிகக் குறைவாக இருந்தன என்பதே கவலைக்குரியது.

கடலுக்கு அப்பால் நம் இனத்தார்

இதே கதையின் மற்றோர் இயலை அண்டை இலங்கையில் காணலாம். கொழும்புக்கு அருகிலுள்ள சபுகஸ்கந்த ஆலையும் மணலியைப் போன்றே 1969 இல் திறக்கப்பட்டது. ஈரானின் இலகு எண்ணெய்க்கென்றே வடிவமைக்கப்பட்டது. 2012 ஆம் ஆண்டுத் தடையால் அவ்வெண்ணெய் அருகியபோது, வேறு எண்ணெய் எளிதில் ஒத்துவராமல் ஆலை அல்லலுற்றது. வாங்கிய எண்ணெய்க்குரிய 25 கோடியே 10 லட்சம் டாலர் கடனையும் செலுத்த வழியில்லை. 2021 திசம்பரில் ஓர் உடன்பாடு ஏற்பட்டது: கடனுக்கு ஈடாக மாதந்தோறும் 50 லட்சம் டாலர் மதிப்புள்ள தேயிலையை ஈரானுக்கு அனுப்புவது. அத்தேயிலையைப் பறிப்பவர் யாவர்? மலையகத் தமிழ்ப் பெண்டிர் அன்றோ? வாஷிங்டனில் இயற்றப்பட்ட சட்டத்தின் ஒரு முனை, நுவரெலியா மலைச்சரிவில் கூடை சுமக்கும் பெண்ணின் தோளில் வந்து முடிகிறது.

வரலாறு காட்டும் இரு நிகழ்ச்சிகள்

வணிகத் தடை புதியதோர் ஆயுதமன்று. அண்ணல் நபி (ஸல்) அவர்களின் வரலாற்றை அறிந்தோர்க்கு அபூதாலிப் கணவாய் நினைவுக்கு வரும். பனூ ஹாஷிம் குலத்தாரோடு கொள்வினை கொடுப்பினை கூடாது. அவர்களுக்கு எதையும் விற்கவும் கூடாது, அவர்களிடம் வாங்கவும் கூடாது என்று குறைஷியர் எழுதிக் கஅபாவில் தொங்கவிட்டனர். ஏறத்தாழ மூன்றாண்டுகள் அத்தடை நீடித்தது. பசியால் குழந்தைகள் அழும் ஒலி கணவாய்க்கு வெளியே கேட்டது என்று வரலாற்றாசிரியர் எழுதுகின்றனர்.

இரண்டாவது நிகழ்ச்சி அதனினும் சிந்திக்கத்தக்கது. யமாமா நாட்டுத் தலைவர் ஸுமாமா இப்னு உஸால் (ரலி) இஸ்லாத்தைத் தழுவிய பின், தம் நாட்டிலிருந்து மக்காவுக்கு ஒரு மணி தானியமும் செல்லாது என்று தடை செய்தார். மக்காவாசிகள் பசியால் வாடி அண்ணலாருக்கு முறையிட்டனர். தம்மைக் கணவாயில் அடைத்துவைத்த அதே மக்களுக்கு, தானியத்தை விட்டுவிடுமாறு அண்ணலார் ஸுமாமாவுக்குச் சொல்லியனுப்பினார்கள். அரசியல் பகைக்கு எளிய மக்களின் உணவைக் கருவியாக்கலாகாது என்னும் நெறி இதில் விளங்குகிறது.

இன்றைய தடைச்சட்டங்களில் உணவுக்கும் மருந்துக்கும் விலக்கு உண்டு என்று எழுதியிருப்பது மெய்யே. ஆயினும் பணம் அனுப்பும் வங்கி அஞ்சி ஒதுங்கும்போது அவ்விலக்கு ஏட்டளவில் நின்றுவிடுகிறது; அரிய மருந்துக்காக ஈரானிய நோயாளிகள் அல்லலுற்றனர். ஈரான் முஸ்லிம் நாடு என்பதால் நான் இதனைக் கூறவில்லை. ஈரானின் அணுத்திட்டத்தைப் பற்றியும் அதன் ஆட்சிமுறையைப் பற்றியும் கடுமையான கேள்விகள் உண்டு. அவற்றை எழுப்புவோரில் முஸ்லிம்களும் ஈரானியரும் உளர். அதன் எண்ணெயின் இடத்தை நிரப்பியவையும் முஸ்லிம் நாடுகளே. ஆகவே இதனைச் சமயச் சிக்கலாகக் காண்பது அறியாமை. இது நீதியும் தன்னுரிமையும் பற்றிய சிக்கல்.

நமக்குரிய பாடம்

அண்மை நிகழ்ச்சிகள் இப்பாடத்தை மேலும் வலியுறுத்துகின்றன. ஈரானின் சாபஹார் துறைமுகத்தை நடத்த 2024 மே மாதத்தில் இந்தியா பத்தாண்டு ஒப்பந்தம் செய்தது. 2018 இல் அத்துறைமுகத்துக்கு அளித்திருந்த விலக்கை அமெரிக்கா 2025 செப்டம்பரில் விலக்கிக்கொண்டு, அடுத்த மாதமே ஆறு திங்களுக்கு மீண்டும் அளித்தது. அதே செப்டம்பர் இறுதியில் ஐக்கிய நாடுகள் அவையின் பழைய தடைகள் ஈரான் மீது மீண்டும் கொண்டுவரப்பட்டன. அவை செல்லா என்று உருசியாவும் சீனாவும் மறுத்தன. உருசிய எண்ணெயை வாங்கியதற்காக இந்தியப் பொருள்கள் மீது 25 விழுக்காடு கூடுதல் வரியை அமெரிக்கா 2025 ஆகஸ்டு 27 முதல் விதித்தபோது, மொத்த வரி 50 விழுக்காடானது. எண்ணெய் வாங்கியவை பெரும் ஆலைகள்; கலங்கியவை திருப்பூரின் பின்னலாடைக் கூடங்களும் ஆம்பூர், வாணியம்பாடித் தோல் தொழிற்சாலைகளும். அங்குத் தைப்பவரும் தோல் பதனிடுபவரும் ஒரு துளி உருசிய எண்ணெயையும் கண்ணால் கண்டவரல்லர்.

ஆகவே செய்ய வேண்டுவது என்ன? வெற்று முழக்கத்தால் பயனில்லை. பாண்டியன் கடலின் இடரைத் தன் கருவூலத்தில் ஏற்றுக்கொண்டதனால் குதிரைகள் தடையின்றி வந்தன. நாமும் இடரைத் தாங்கும் வலிமையை வளர்த்துக்கொள்ள வேண்டும். பெருங்கப்பல்களுக்கும் ஆலைகளுக்கும் முழுப்பொறுப்பேற்கும் இந்திய மறுகாப்பீட்டு நிதி. நம் கொடி பறக்கும் எண்ணெய்க் கப்பல்கள். டாலரைச் சாராத கணக்குத் தீர்வு முறை. எண்ணெய்த் தேவையையே குறைக்கும் சூரிய, காற்று ஆற்றல் ஆகிய நான்கும் இன்றியமையாதவை. இவற்றுள் எதுவும் ஓராண்டில் கைகூடுவதன்று. கைகூடும் நாள்வரை நம் வெளியுறவுக் கொள்கை அறிக்கையில் ஒன்றாகவும் நடப்பில் வேறாகவுமே இருக்கும்.

மாணவச் செல்வங்களுக்கு ஒரு சொல். வணிகவியல் பயில்வோர் காப்பீட்டுப் பாடத்தைத் தேர்வுக்குரிய வறட்டுப் பகுதி என்று எண்ணி ஒதுக்குகின்றனர். பன்னாட்டுச் சட்டமும் கடல்சார் சட்டமும் கற்க முன்வருவோர் நம்மிடையே மிகச் சிலர். மணலி ஆலையின் வாயிலை அடைத்தது படையன்று; ஓர் ஒப்பந்தத்தின் விதி. அத்தகைய விதிகளைப் படித்து உணரவும், எதிர்த்து வாதிடவும், மாற்று விதிகளை எழுதவும் வல்லோர் நம் வகுப்பறைகளிலிருந்து எழுதல் வேண்டும். காயல் துறையில் கணக்கெழுதிய முன்னோரின் வழிவந்தோர்க்கு இது இயலாத செயலன்று.